ஓரியூரிலிருந்து உரோமைக்கு 160 ஆண்டுகள்
கிந்தாப் பள்ளத்தாக்கின் தமிழ்க் கத்தோலிக்கர் – தொடர்

சூசை, சவரிமுத்து, ஞானப்பிரகாசம், ஆசீர்வாதம், அருளானந்தம். ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ நகருக்குள் வரும் வழியில், சிலிபின் லூர்து மாதா கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் இந்தப் பெயர்கள் தாத்தாவுக்கும் பேரனுக்கும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. சூசை என்றால் யோசேப்பு, சவரி என்றால் சவேரியார், ஞானப்பிரகாசியார் என்றால் இத்தாலி நாட்டு கொன்சாகா. இவர்கள் எல்லாரும் வேறு நாட்டில் இறந்து, பெயரால் தமிழரானவர்கள். அருளானந்தர் கதை வேறு. அவர் தமிழ்நாட்டு மண்ணில் நடந்து, தமிழில் பேசி, மறவர் சீமையின் ஓரியூரில் கழுத்து வெட்டுப்பட்டுச் செத்தவர். போர்த்துக்கல் நாட்டில் அவருக்கு இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக் தோட்டங்களுக்கு வந்த காலத்தில் இந்த அருளானந்தர் இன்னும் புனிதர் ஆகவில்லை. உரோமை அவருக்குக் கொடுத்திருந்த பட்டம் 'பெயாத்துஸ்'. 1853 முதல் 1947 வரை, 94 ஆண்டுகள், திருச்சபையின் ஏட்டில் அவர் அப்படித்தான் இருந்தார். கரும்புத் தோட்டக் காலம், இரப்பர் வந்த காலம், இரண்டு உலகப் போர்கள் எல்லாம் அந்த 94 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. தோட்டத்து மக்களோ அவரைப் புனிதர் என்றே கும்பிட்டார்கள். மக்கள் முதலில் கும்பிட, உரோமை பின்னால் ஒப்புக்கொண்ட அந்த இடைவெளிதான் இந்த வாரத்துப் பேச்சு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். பெயாத்துஸ் கிறிஸ்தவத்துக்கு முந்தைய இலத்தீன் சொல். மகிழ்வித்தல், வளமாக்குதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. கையில் பொருளும் மனத்தில் நிறைவும் உள்ளவனை உரோமர்கள் அப்படி அழைத்தார்கள். செல்வந்தன் என்ற பொருளும் அதற்கு உண்டு. நம் 'பாக்கியவான்' கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. சிசரோ தெய்வங்களின் தன்மை பற்றி எழுதும்போது இந்தச் சொல்லிலிருந்து ஒரு பண்புப் பெயர் தேவைப்பட்டது. 'பெயாத்திதாஸ்', 'பெயாத்தித்தூதோ' என்று இரண்டை முன்வைத்து, இரண்டுமே காதுக்குக் கரடுதான், பழகப் பழக மென்மையாகும் என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். இரண்டாவது சொல்தான் நிலைத்தது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எரோணிமுஸ் விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தபோது, முதலாம் சங்கீதத்தின் முதற்சொல்லாகவும் மலைப்பொழிவில் இயேசு எளியவர்களையும் துயரப்படுகிறவர்களையும் குறித்துச் சொன்ன சொல்லாகவும் பெயாத்துஸ் வந்து உட்கார்ந்தது. செல்வந்தனைக் குறித்த சொல் அங்கே ஏழையின் பக்கம் போய்ச் சேர்ந்தது. தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் அந்த இடத்தில் 'பாக்கியவான்கள்' என்று வாசிக்கின்றன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'பேறுபெற்றோர்' என்று இருக்கிறது. இதன் பக்கத்துச் சொல்லான 'பெனெதிக்துஸ்' வேறு. நல்வாக்குச் சொல்லப்பட்டவர், வாழ்த்தப்பட்டவர் என்பது அதன் பொருள். அதனால்தான் துறவி பெனடிக்டைத் தமிழில் ஆசீர்வாதப்பர் என்கிறோம். நம் ஊர் ஆசீர்வாதங்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈப்போக்காரர்கள் அதைத் தினமும் காதால் கேட்டிருக்கிறார்கள். 1960கள் வரை பூசை இலத்தீனில்தான். பூசைத் தொடக்கத்தில் குருவானவர் குனிந்து நின்று பாவங்களை அறிக்கையிடும் செபத்தில் சில பெயர்கள் வரிசையாக வரும். மரியாளுக்கும், அதிதூதர் மிக்கேலுக்கும், ஸ்நாபக அருளப்பருக்கும் அடைமொழி பெயாத்துஸ். இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் மற்றெல்லாப் புனிதர்களுக்கும் 'சாங்க்துஸ்'. மாதாவைவிட இராயப்பர் ஒருபடி மேல் என்று எந்தக் கத்தோலிக்கரும் நினைக்க மாட்டார். அந்தச் செபம் உருவான காலத்தில் இரண்டு சொற்களுக்கும் இடையே உயர்வு தாழ்வு இருக்கவில்லை. ஈப்போ நகரின் மைக்கல் கோயிலில் காலைதோறும் அந்தக் கோயிலின் பாதுகாவலரே பெயாத்துஸ் என்றுதான் அழைக்கப்பட்டார்.

அப்படியானால் அது ஒரு படியாக, புனிதருக்குக் கீழே ஒரு நிலையாக, எப்போது மாறியது?

தொடக்கத் திருச்சபையில் வேதசாட்சிகளின் கல்லறைகளில் மக்கள் கூடினார்கள், ஆண்டுதோறும் அவர்கள் இறந்த நாளைக் கொண்டாடினார்கள், அந்தந்த ஊர் ஆயர் ஒப்புதல் தந்தார். அவ்வளவே. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த உரிமை பாப்பரசரின் கைக்குப் போயிற்று. 1588இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இதையும் கவனிக்க ஒரு பேராயத்தை நிறுவினார். 1634இல் எட்டாம் உர்பான் போட்ட கட்டளைதான் மிகக் கடுமையானது. உரோமையின் அனுமதியில்லாமல் இறந்தவர் எவருக்கும் பொது வணக்கம் கூடாது. படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவதும் கூடாது. விசாரணையின்போது அப்படிப்பட்ட வணக்கம் நடக்கவில்லை என்று நிரூபிக்கவும் வேண்டும். கல்லறையில் விளக்கேற்றிக் கும்பிட்ட எளிய மக்களின் பக்தியே இறந்தவருக்குப் பட்டம் கோரும் வழக்குக்குத் தடையாக முடியும் என்ற நிலை வந்துவிட்டது.

இந்த ஒழுங்கில்தான் படிகள் தெளிவாயின. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், பெயாத்துஸ், புனிதர். பெயாத்துஸ் என்று அறிவித்தால் குறிப்பிட்ட மறைமாவட்டத்திலோ துறவற சபையிலோ நாட்டிலோ வணங்க அனுமதி. புனிதர் என்று அறிவித்தால் உலகத் திருச்சபை முழுவதற்கும். முதன்முதலாகப் புனித பேதுரு பெருங்கோயிலில் முறையான விழாவாக அந்தப் பட்டம் 1662இல் பிரான்சிஸ் தெ சேல்சுக்குக் கொடுக்கப்பட்டது. தமிழில் இதை 'முத்திப்பேறு பெற்றவர்' என்றார்கள். இப்போது 'அருளாளர்' என்பது வழக்கில் இருக்கிறது.

அதே 1662ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் லிஸ்பனில் ஜான் தெ பிரிட்டோ என்ற 15 வயதுப் பையன் இயேசு சபையில் சேர்ந்தான். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவன். 1673இல் கோவாவுக்குக் கப்பலேறினான். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து காவியுடுத்து, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தான். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரையில் தொடங்கிவைத்த வழி அது. நொபிலி பிராமண சந்நியாசி போல வாழ்ந்தார். அப்படி வாழ்ந்தவர் மற்றச் சாதியாரோடு புழங்க முடியாது என்பதால், 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் வந்தார்கள். அருளானந்தர் இந்த இரண்டாம் வகை.

1686இல் மறவர் சீமையில் அவரும் உபதேசியார்களும் பிடிபட்டுக் கொடுமையாக வதைக்கப்பட்டார்கள். சாவுத் தீர்ப்பு நிறைவேறவில்லை. அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி விட்டுவிட்டார். ஐரோப்பாவுக்குத் திரும்பியவரை அங்கேயே வைத்துக்கொள்ள போர்த்துக்கல் அரசர் விரும்பினார். அவர் 1690இல் மறுபடி இந்தியா வந்து சேர்ந்தார். சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் நோயிலிருந்து குணமாகி ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் இளையவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட, அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர் வேற்றுச் சமயத்தோடு சேர்வதன் அரசியலும் கூடிக்கொள்ள, குருவானவர் சிறைப்பட்டார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. முந்தைய நாள் சிறையிலிருந்து, மை இல்லாததால் கரியைக் கரைத்து, தம் சபையினருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார் என்று சொல்வார்கள். ஓரியூரின் செம்மண்ணை அவருடைய இரத்தம் பட்ட மண் என்று மக்கள் எடுத்துப் போகத் தொடங்கினார்கள்.

வேதசாட்சியாகச் செத்தவரைப் பெயாத்துஸ் ஆக்குவது எளிதாக இருந்திருக்க வேண்டும். நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தாரா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு விடை வெளிப்படை. ஆனால் வழக்கு நின்றுபோனது. நின்ற காரணம் தமிழ்நாட்டு வழக்கங்கள்.

நெற்றியில் சந்தனம் இடலாமா? பூணூல் போட்டுக்கொள்ளலாமா? தாலி கட்டலாமா? கல்யாணத்தில் தேங்காய் உடைக்கலாமா? ஞானஸ்நானத்தில் குரு தம் எச்சில் தொட்டுப் பூசும் சடங்கைத் தமிழர் அருவருக்கிறார்கள், அதை விட்டுவிடலாமா? இவை நாட்டு வழக்கம்தான், சமயச் சடங்கு அல்ல என்று மதுரை மிஷன் குருக்கள் சொன்னார்கள். 1623இல் பதினைந்தாம் கிரகோரி பல நிபந்தனைகளோடு நொபிலிக்கு அனுமதியும் கொடுத்திருந்தார். உரோமைத் தூதராகப் புதுச்சேரியில் இறங்கிய தூர்னோன் 1704இல் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்து ஆணை போட்டார். மலபார் சடங்குகள் என்று ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்தச் சண்டை 40 ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆணையில் ஒரு விதியை மட்டும் நான் தனியே எடுத்துவைக்கிறேன். பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அந்த வீட்டுக்குள் போய் அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும் என்பது அது. அதுவரை நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்து கொடுத்தார்கள். உள்ளே போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தக் குருவை ஏற்க மாட்டார்கள், மிஷனே சரிந்துவிடும் என்று குருக்கள் வாதாடினார்கள். சந்தனத்தையும் தாலியையும் பற்றி தூர்னோன் சொன்னவை இன்று நமக்கு அன்னியமாகப் படுகின்றன. தமிழ்க் கிறிஸ்தவர் தாலியோடுதான் வாழ்கிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் சாகக் கிடக்கிறவனின் வாசலைத் தாண்டும் இந்த ஒரு விதியில் அந்த வெளிநாட்டார் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன். நாட்டு வழக்கம் என்ற ஒரே பெயரில் தேங்காயையும் தீண்டாமையையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்ததுதான் அந்தச் சண்டையின் பெருந்துயரம்.

அருளானந்தரின் வழக்கு இதற்குள் சிக்கியது. இந்த வழக்கங்களை ஏற்று வாழ்ந்த ஒருவரை அருளாளர் என்று அறிவித்தால், உரோமை தான் தடைசெய்ததையே பீடத்தில் ஏற்றியதாகாதா? கேள்வியை எடைபோட வேண்டியிருந்தவர் புரோஸ்பெரோ லம்பெர்த்தினி. பட்டம் கோரப்பட்ட ஒவ்வொருவருக்கும் எதிராக வாதாடும் பதவியில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டு 1734 முதல் 1738 வரை அவர் வெளியிட்ட பெருநூல், அருளாளர் பட்டமும் புனிதர் பட்டமும் எப்படி விசாரிக்கப்பட வேண்டும் என்பதற்கு இன்றளவும் அடித்தளம். 1740இல் அவரே பாப்பரசரானார். எடுத்துக்கொண்ட பெயர் பதினான்காம் ஆசீர்வாதப்பர்.

1741இல் அவர் தீர்ப்புச் சொன்னார்: நாட்டு வழக்கங்களை அருளானந்தர் கைக்கொண்டது அவருடைய வழக்குக்குத் தடையல்ல. 1744இல் அதே பாப்பரசர் மலபார் சடங்குகள் பற்றிய தடையை இறுதியாக உறுதிசெய்து, தமிழ்நாட்டு மிஷன் குருக்கள் எல்லாரும் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது அவருடைய மனத்தராசு புரிகிறது. வழக்கம் இனி வேண்டாம், ஆனால் அன்று அனுமதியோடு அப்படி வாழ்ந்து உயிரைக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை. பறையர் வாசல் பற்றிய கேள்விக்கோ, அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் ஏற்றார். அந்த ஒன்றில் அவரும் சாதியைத் தாண்டவில்லை.

தடை நீங்கியும் பட்டம் வரவில்லை. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. வழக்கை எடுத்து நடத்த ஆளில்லை. 1814இல் சபை மீண்டது. 1853 ஆகஸ்ட் 21ஆம் நாள் ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தரைப் பெயாத்துஸ் என்று அறிவித்தார். ஓரியூரில் தலை விழுந்து 160 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி பேராக்குக்கு வருவோம். இயேசு சபை கலைந்தபின் 1776இல் அவர்களுடைய கர்நாடக மிஷனை ஏற்றுக்கொண்டவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையார். அதே சபையார்தான் மலாயாவிலும் இருந்தார்கள். ஆகவே புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் பினாங்கிலோ பேராக்கிலோ இறங்கியபோது, கோயிலில் நின்றவர் ஊரில் பார்த்த அதே வகைப் பிரெஞ்சுச் சாமியார். புதுச்சேரி மிஷன் அச்சகம் 1846இலேயே இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்றை அச்சிட்டிருந்தது. சாமியாரின் மூன்று மொழிகளும் ஒரே புத்தகத்தில். 1882இல் பாகான் செராயில் சூசைபாளையம் என்ற தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பை உருவாக்கிய ரெனே ஃபே அப்படிப்பட்டவர்களில் ஒருவர். 1896இல் அவரே மலாக்கா ஆயரானார்.

தோட்டத்து மக்கள் அந்தப் பூசைகளில் இலத்தீனைக் காதால் கேட்டுக்கொண்டு, வாயால் தமிழில் ஜெபமாலை சொன்னார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, ஞாயிறு வந்தால் கோயிலுக்கு நடந்தவர்களுக்குப் பெயாத்துஸும் சாங்க்துஸும் வேறு வேறு படிகள் என்பது தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு அருளானந்தம் என்று பெயர் வைக்க எந்தப் பேராயத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கோலகங்சாரில் 1877இல் ஹியூ லோ நட்ட இரப்பர்க் கன்றுகளுக்கும், அவை பெருகி மூடிய மலைச்சரிவுகளில் பிறந்த இந்த அருளானந்தங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

1744இல் போட்ட சத்தியப் பிரமாணம் 1940இல்தான் நீக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1947 ஜூன் 22ஆம் நாள், பன்னிரண்டாம் பத்திநாதர் அருளானந்தரைப் புனிதராக அறிவித்தார். ஜப்பானியர் போய், சயாம் மரண இரயில்பாதையில் மாண்டவர்களின் வீடுகளில் அழுகை இன்னும் அடங்காதிருந்த காலம் அது.

நம் வட்டாரத்தில் பெயாத்துஸ் என்ற சொல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு சில பெயர்களையும் பதிவுசெய்கிறேன். பினாங்கு பொதுக் குருமடத்தில் ஆசிரியராக இருந்த ஷஸ்தான், பினாங்கு வழியாகப் போன இம்பெர் ஆயர் ஆகிய இருவரும் 1839இல் கொரியாவில் வெட்டுண்டார்கள். 1925இல் அருளாளர்கள், 1984இல் புனிதர்கள். ஈப்போ கான்வென்ட் பள்ளியை நடத்திய குழந்தை இயேசு சபைச் சகோதரிகளின் நிறுவனர் நிக்கோலாஸ் பாரே 1999இல் அருளாளரானார்.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பிலோமினாவின் கல்லறை என்று கருதப்பட்டது 1802இல் உரோமையின் பிரிஸில்லா நிலவறைகளில் தோண்டியெடுக்கப்பட்டது. 1837இல் அவருக்குத் திருநாள் கொண்டாட அனுமதி கிடைத்தது. வரலாற்றுச் சான்று போதவில்லை என்று 1961இல் அவர் பெயர் திருநாட்காட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டது. பள்ளி தன் பெயரை வைத்துக்கொண்டது. பிலோமினாள் என்ற பெயருள்ள பாட்டிகளும் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

அருளானந்தரைவிட நெடுநாள் காத்திருந்தவர்களும் தமிழ் உலகத்தில் இருக்கிறார்கள். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த இலங்கைக்குள் 1687இல் கூலியாள் வேடத்தில் நுழைந்து, யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்று ஒளிந்து பணிசெய்த கோவா நாட்டு யோசேப் வாஸ் 1711இல் இறந்தார். அருளாளர் பட்டம் 1995இல். புனிதர் பட்டம் 2015 ஜனவரி 14, கொழும்பு காலிமுகத்திடலில்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவர் மேல் வந்த பகைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 260 ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவரை அருளாளர் என்று அறிவித்தபோது, 'தேவசகாயம் பிள்ளை' என்று சாதிப் பெயரோடு அறிவித்தார்கள். அது அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கே எதிரானது என்று தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பங்கள் போயின. 2022 மே 15ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்த பெயர் தேவசகாயம் மட்டுமே. தூர்னோன் புதுச்சேரியில் எழுதிய அந்த வாசல் விதிக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே 318 ஆண்டுகள்.

அடுத்த வாரம் சூசைபாளையத்துக்குப் போவோம். ரெனே ஃபே கிரியான் சதுப்பில் நிலம் கேட்டு வாங்கிய கதையிலிருந்து தொடங்குவோம்.